ஆலையின் எஸ்ஓஏ அமைப்பை 14 மைக்ரோசர்வீஸாகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: பிரிக்கலாமா?

எடைச்சீட்டு (தெலுக் இந்தான்):

வணக்கம். தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலை, அதைச் சேர்ந்த மூன்று தோட்டங்கள், வெளியிலிருந்து குலை கொண்டுவரும் சிறுதோட்டக்காரர்கள். இத்தனைக்கும் ஒரே மென்பொருள், 2013-இல் எஸ்ஓஏ (வேலையைச் சேவைகளாகப் பிரித்துக் கட்டும்) முறையில் கட்டியது. எடைமேடை, குலைத்தரம், சிறுதோட்டக்காரர் கணக்கு, செக்ரோல் (தொழிலாளர் பதிவேட்டு) சம்பளம், ஸ்டோர் என ஐந்து சேவைகள். எல்லாம் சோப் (எக்ஸ்எம்எல் செய்தி முறை) வழியாக, நடுவில் செய்தி கடத்தும் மென்பொருளான ஈஎஸ்பியிடம்தான் பேசும், ஒன்றோடொன்று நேரே பேசாது. தரவுத்தளம் ஒன்றே ஒன்று.

சிக்கல் இரண்டு. எடைச்சீட்டில் ஒரு புலம் சேர்த்தாலும் (கடைசியாகச் சேர்த்தது எம்எஸ்பிஓ, அதாவது மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் எண்) ஐந்து சேவைகளும் ஈஎஸ்பி மேப்பிங்கும் ஒரே இரவில் மாற வேண்டியிருக்கிறது. அதோடு, எங்களிடம் உள்ள ஈஎஸ்பி பதிப்புக்கு ஆதரவு அடுத்த ஆண்டோடு முடிகிறது. புதிதாகக் கட்டித் தர வந்தவர்கள் 14 மைக்ரோசர்வீஸ் (தனித்தனியே வெளியிடும் சிறு சேவைகள்), அவற்றை ஓட்டிப் பராமரிக்க குபர்நெட்டீஸ், செய்தி கடத்த காஃப்கா என்று திட்டம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் நிரலர்கள் நான்கு பேர். உச்சப் பருவத்தில் ஒரு நாளைக்கு 300 லோரி. மழை பிடித்தால் இணைய லைன் போய்விடும், ஆனால் லோரியை நிறுத்தி வைக்க முடியாது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும்.

எஸ்ஓஏவுக்கும் மைக்ரோசர்வீஸுக்கும் நடைமுறையில் என்ன வேறுபாடு? எங்கள் அளவுக்கு எது பொருந்தும்? மின் இன்வாய்ஸ் வேலையும், அதாவது வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் இணைப்பும், இதோடு சேர்ந்து வருகிறது.

பழைய_கிராணி (ஈப்போ):

தம்பி, இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். வேலையைச் சேவைகளாகப் பிரி, ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியும் ஒப்பந்தம் வை, உள்ளே எப்படிச் செய்கிறாய் என்பதை மறை. 1996-இல் கார்ட்னர் ஆய்வாளர்கள் எஸ்ஓஏ என்று பெயர் வைத்தபோது சொன்னதும் இதுதான், 2014 மார்ச்சில் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் மைக்ரோசர்வீஸைப் பற்றி எழுதியபோது சொன்னதும் இதுதான். மாறியது மூன்று விஷயங்கள்: அறிவு எங்கே உட்காருகிறது, தரவு யாருடையது, எது தனியாக வெளியாகிறது.

எஸ்ஓஏவில் அறிவு நடுக்குழாயில் ஏறிவிட்டது. வடிவ மாற்றம், வழி தேர்வு, வேலை வரிசை எல்லாம் ஈஎஸ்பியிலும் பிபெல் (வேலை வரிசையை எழுதும் மொழி) ஓட்டங்களிலும் போய் உட்கார்ந்தன. அந்தக் குழாய்க்கென்றே ஒரு குழு. உங்கள் சேவையில் ஒரு வரி மாற்ற அவர்களிடம் வரிசையில் நிற்க வேண்டும். மைக்ரோசர்வீஸ் இதைத் திருப்பிப் போட்டது. குழாய் செய்தியைக் கொண்டுபோனால் போதும், புரிந்துகொள்வது சேவையின் வேலை.

உங்கள் ஐந்து சேவைகளும் ஒரே இரவில் மாறுவதற்குச் சோப் காரணம் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரே "எடைச்சீட்டு" வடிவம் வைத்திருப்பதுதான் காரணம். ஒரு லோரியை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 14,860 கிலோ, காலி லோரி 5,240, நிகரம் 9,620. தரம் பார்க்கிறவர் 2 விழுக்காடு கழிக்கிறார், 192.4 கிலோ. சிறுதோட்டக்காரருக்குப் பணம் 9,427.6 கிலோவுக்கு. ஆனால் ஆலைக்குள் உண்மையில் போனது 9,620 கிலோ, எண்ணெய் பிழிவு விகிதத்தை அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேடைக்கு "எடை" என்பது இரண்டு அளவீடு, கணக்குக்குக் கழித்த பின் வரும் எண், ஆலைக்குக் கழிக்காத நிகரம். மூன்றையும் ஒரே வடிவத்தில் அடைத்து "நெட்வெயிட்" என்று ஒரு புலம் வைத்தால், அதைத் தொடுகிறவன் எல்லாரையும் தொடுகிறான். இந்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு சேவைகளை 14 ஆக்கினால், ஒரே இரவில் மாற வேண்டியவை 14 ஆகும், அவ்வளவுதான்.

ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் சம்பளப் பகுதியில் மட்டும் ஒரு திருத்தம் செய்து, மற்ற யாருக்கும் சொல்லாமல் வெளியிட முடியுமா? முடியும் என்றால் அது உண்மையாகவே தனிச் சேவை. முடியாது என்றால், பெயர் எதுவானாலும் அது பல கணினிகளில் சிதறிக் கிடக்கும் ஒரே நிரல். ஒற்றை நிரலின் இறுக்கமும் அதில் இருக்கும், வலையின் தொல்லையும் இருக்கும்.

சோப்பைக் குறை சொல்லி எறிந்துவிடவும் வேண்டாம். டபிள்யூஎஸ்டிஎல் (சோப் சேவையை விவரிக்கும் கோப்பு) ஒப்பந்தத்தில் எந்தப் புலம் கட்டாயம், எது எண், எது தேதி என்று எழுதி, தப்பான செய்தியை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஒழுக்கம் அதில் இருந்தது. ஜேசன் (எளிய உரை வடிவம்) ஏபிஐக்கு மாறிய பலர் அந்த ஒழுக்கத்தையும் சேர்த்துக் கைவிட்டார்கள். எதற்கு மாறினாலும் ஓப்பன்ஏபிஐ ஒப்பந்தம் ஒன்றை எழுதி, அதை வைத்தே செய்தியைச் சரிபாருங்கள். எடையையும் பணத்தையும் ஃப்ளோட்டில் (இரும முறையில் தோராயமாகச் சேமிக்கும் எண் வகை) வைக்காதீர்கள், டெசிமல் வகையில் வையுங்கள். 9,427.6 என்பது ஃப்ளோட்டில் துல்லியமாக நிற்காது. மாதக் கடைசியில் சென் கணக்கு இடிக்கும்.

மூங்கில்பாலம் (கிள்ளான்):

பழைய_கிராணி அண்ணே சொன்னது வேறுபாடு. நான் செலவைச் சொல்கிறேன், ஏனென்றால் திட்ட அறிக்கையில் அது வராது.

ஒரு எடைச்சீட்டு முடிய ஐந்து சேவைகளை அடுத்தடுத்து அழைக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 99.9 விழுக்காடு நேரம் உயிரோடு இருக்கிறது. ஒன்று மட்டும் என்றால் 30 நாளில் 43 நிமிடம் படுக்கும். ஐந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றால் 0.999-ஐ ஐந்து முறை பெருக்குங்கள், 99.5 வரும். மாதம் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் மேடை நிற்கும். சேவைகள் ஒவ்வொன்றும் நன்றாக இருந்தும் இந்த நிலை.

அடுத்தது மறுமுயற்சி. மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் தோற்றால் மூன்று முறை முயலும். அடியில் உள்ள தரவுத்தளம் மெதுவானால் ஒரே ஒரு கோரிக்கை 27 ஆகப் போய் விழும். ஏற்கெனவே திணறுகிறதை அது அமுக்கிக் கொன்றுவிடும். காத்திருக்கும் நேரத்தையும் பாருங்கள். உள் அடுக்கு இரண்டு விநாடி வீதம் மூன்று முறை முயன்றால் ஆறு விநாடி. வெளி அடுக்கு ஐந்து விநாடியில் கைவிட்டு மறுபடி அனுப்பினால், முதல் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கிளம்பும். ஒரே லோரிக்கு இரண்டு சீட்டு பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது. மறுமுயற்சி ஒரே அடுக்கில்தான் இருக்க வேண்டும். வெளிக் காத்திருப்பு எப்போதும் உள்ளே ஆகும் மொத்த நேரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும்.

இனி 14 என்ற எண்ணுக்கு வாருங்கள். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பில்ட் வரிசை, ஒரு தரவுத்தளம், அதற்கு பேக்கப், அந்த பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் ஒத்திகை, பதிவுகள், சான்றிதழ் புதுப்பிப்பு. குபர்நெட்டீஸை நீங்களே நடத்தினால், ஒரு கணினி விழுந்தும் அது ஓட வேண்டுமென்றால் அதன் நிலைத் தரவை வைக்கும் எட்சிடிக்கு மட்டும் மூன்று கணினிகள் வேண்டும். ஒரு கோரிக்கை எந்தச் சேவையில் தோற்றது என்று தேட, எல்லாச் சேவைகளிலும் ஒரே அடையாள எண்ணைக் கடத்தும் டிரேசிங் வேண்டும். அது இல்லாமல் 14 பதிவுக் கோப்புகளை நேரம் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டு உட்கார நான்கு பேருக்கு நாள் போதாது.

காஃப்கா நல்ல கருவி. விநாடிக்கு ஆயிரக்கணக்கான செய்திகள் ஓடும் இடத்துக்கு 2011-இல் லிங்க்ட்இன் வெளியே விட்டது. உங்களுக்கு 300 லோரி, இரண்டு எடை, ஒரு நாளைக்கு 600 செய்தி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு அட்டவணையை வரிசையாக வைத்து, "ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு" (வேறொருவர் பிடித்த வரியைத் தாண்டும் கட்டளை) போட்டு எடுத்தால் தாராளமாகப் போதும். 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

சர்வர்லெஸ் (சர்வரை நாமே பராமரிக்காமல் கிளவுடில் நிரலை ஓட்டுவது) பற்றி யாராவது சொல்வார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். அமேசானின் சர்வர்லெஸ் சேவையான லாம்டாவில் ஒரு ஓட்டத்துக்கு 15 நிமிடம்தான் வரம்பு. மாதச் சம்பள ஓட்டத்தைத் துண்டு போடாமல் அதில் வைக்காதீர்கள். பெரிய இடத்திலேயே திரும்பி வந்திருக்கிறார்கள். 2023-இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, ஒளி-ஒலித் தரத்தைக் கண்காணிக்கும் வேலையை லாம்டாவிலும் ஸ்டெப் ஃபங்ஷன்ஸிலும் (படிகளை வரிசைப்படுத்தும் சேவை) சிதறி வைத்திருந்ததை ஒரே நிரலாக்கி, செலவை 90 விழுக்காடு குறைத்ததாக எழுதியது. அந்த ஒரு கருவிக்கு மட்டும்தான், நிறுவனம் முழுக்க இல்லை. படிகளை வரிசைப்படுத்தும் செலவும் துண்டுகளுக்கு நடுவே தரவைக் கடத்தும் செலவும் ஏறியதுதான் காரணம்.

என் கருத்து: உங்களுக்கு மாடுலர் மோனோலித். ஒரே நிரல், ஒரே வெளியீடு, உள்ளே கண்டிப்பான சுவர்கள். சம்பளத்தை வேண்டுமானால் வெளியே எடுக்கலாம், அதன் ஓட்டமே வேறு.

கம்பிமுனை (சுங்கை சிப்புட்):

சம்பளத்தை வெளியே எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, சகோ. மாதம் ஒருமுறை ஓடுவது தனிச் சேவைக்குக் காரணம் ஆகாது, அது ஒரு ஷெட்யூல் வேலை. சம்பளம் பெரட்டுப் (காலை வருகை) பதிவையும் வெட்டிய குலை எண்ணிக்கையையும் ஒரே கணத்து நிலையில் வாசிக்க வேண்டும். இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணம் அடுத்த மாதம் 15-க்குள் போயாக வேண்டும். சேவையைப் பிரித்தால் இந்தத் தரவு இரண்டு நகலாகும். தண்டல் (வேலை மேற்பார்வையாளர்) பழைய தேதியில் ஒரு பெயரைத் திருத்தினால் எந்த நகல் உண்மை என்று கேள்வி வரும். ஒரே தரவுத்தளப் பரிமாற்றத்தில் முடியும் வேலையைப் பிரித்து சாகா (பல சேவைகளில் படிப்படியாக முடியும் பரிமாற்றம்) ஆக்காதீர்கள். சாகாவில் ஒவ்வொரு படிக்கும் அதைத் திருப்பும் படி ஒன்று எழுத வேண்டும். கொடுத்த சம்பளத்தைத் திருப்பும் படியை யார் எழுதுவது?

பிரிக்க வேண்டிய இடத்தை லைன் அறுபடும் இடம்தான் சொல்லித் தரும். உங்களுக்கு அது எடைமேடை. அதுபோல இன்னொன்று மைஇன்வாய்ஸ், ஏனென்றால் அந்த முனை உங்கள் கையில் இல்லை. இந்த இரண்டும் தனி நிரல், மற்றதெல்லாம் ஒரே நிரல்.

எடைமேடைக் கணினி இணையமே இல்லாமல் நாள் முழுக்க ஓட வேண்டும். அமைப்பு இப்படி: எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து ஆர்எஸ்-232 (சீரியல்) கம்பி, பெரும்பாலும் 9600 பாட். எண் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். நிலைத்த எடை என்ற குறி வந்த வரியை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் லோரி ஆடும்போது ஏறி இறங்கும் எண் பதிவாகும். யூஎஸ்பி மாற்றி போட்டிருந்தால் மின்சாரம் போய் வந்ததும் காம் 3 என்பது காம் 5 ஆகிவிடும். நிரலில் போர்ட் எண்ணை எழுதாமல், மாற்றியின் சீரியல் எண்ணை வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும்.

உள்ளூர்ச் சேமிப்புக்கு எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் இருக்கும் சிறு தரவுத்தளம்) போதும். வால் (WAL, மாற்றத்தை முதலில் பதிவுக் கோப்பில் எழுதும்) முறையில் வைத்தால் "சிங்க்ரனஸ்" அமைப்பை "ஃபுல்" ஆக்குங்கள். "நார்மல்" என்றால் வேகம் கூடும், ஆனால் மின்சாரம் அறும் கணத்தில் கடைசிச் சீட்டு தொலையலாம். யூபிஎஸ் இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

சீட்டை எழுதும் அதே பரிமாற்றத்திலேயே அனுப்பு அட்டவணை ஒன்றிலும் ஒரு வரி எழுதுங்கள். அதில் சீட்டின் யூயூஐடி (எங்கும் திரும்ப வராத அடையாள எண்), அந்தச் சீட்டுக்குள் வரிசை எண், செய்தி, அனுப்பியாயிற்றா என்ற குறி. இன்னொரு சிறு நிரல் ஐந்து விநாடிக்கு ஒருமுறை அனுப்பாததை எடுத்து அனுப்பும். தோற்றால் 10, 20, 40 விநாடி என்று இடைவெளியை இரட்டித்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி போகாமல் தொடர்ந்து முயலும். மைய சர்வரில் யூயூஐடிக்கும் வரிசை எண்ணுக்கும் சேர்த்து ஒரு யூனிக் இண்டெக்ஸ் (அதே இணை இரண்டாம் முறை பதியாமல் தடுப்பது). இரண்டாம் முறை வந்தால் பிழை என்று சொல்லாமல் "ஏற்கெனவே பெற்றேன்" என்று வெற்றியாகவே பதில் தர வேண்டும். பிழை என்று சொன்னால் அனுப்பும் நிரல் ஓயாமல் அதையே அனுப்பிக்கொண்டிருக்கும், அதன் பின்னால் நிற்கும் சீட்டுகள் நகராது.

இதில் வழக்கமாகத் தப்பு நடக்கும் இடங்கள்: மைய சர்வரிடம் சீட்டு எண் கேட்பது, லைன் போனால் எண் இல்லை. மேடைக்கு ஒரு முன்னெழுத்து கொடுத்து அங்கேயே எண்ணட்டும். கணினியின் நேரத்தை நம்புவது, அது விலகும். மேடை சொன்ன நேரத்தையும் சர்வர் பெற்ற நேரத்தையும் இரண்டு புலங்களில் வையுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிது, மேடையில் விலை கணக்கிடுவது. லைன் இல்லாத வேளையில் அங்கே இருப்பது நேற்றைய விலை. மேடை எடையை மட்டும் சொல்லட்டும், விலையும் கழிவும் மையத்தில்.

மைஇன்வாய்ஸுக்குத் தனி நிரல் ஏன் என்றால், அந்த விவரக்குறிப்பு அவர்கள் நாட்காட்டிப்படி மாறும். யூபிஎல் 2.1 (வணிக ஆவணங்களுக்கான பொதுத் தரம்) வடிவம், எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன். சரிபார்ப்பு முடிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம், அதன் பிறகு கிரெடிட் நோட் போன்ற திருத்த ஆவணம்தான். அதனால் குலைத்தரத் தகராறு தீராத சீட்டை அவசரப்பட்டு அனுப்பக் கூடாது. "கணக்கு முடிந்தது" என்ற நிலைக்கு வந்ததை மட்டும் இந்த நிரல் எடுக்கட்டும். யூபிஎல் புலங்களின் பெயர்கள் இந்த நிரலைத் தாண்டி உள்ளே நுழையவே கூடாது.

எடைச்சீட்டு (தெலுக் இந்தான்):

மிக்க நன்றி. இரண்டு கேள்வி. மோனோலித்தில் "கண்டிப்பான சுவர்" எப்படிப் போடுவது, சொல்லி வைத்தால் மட்டும் போதுமா? ஓடிக்கொண்டிருக்கும் ஈஎஸ்பியை எந்த வரிசையில் கழற்றுவது?

பழைய_கிராணி (ஈப்போ):

சொல்லி வைத்தால் போதாது தம்பி, ஆறு மாதத்தில் யாராவது அவசரத்துக்கு இன்னொரு பகுதியின் அட்டவணையோடு ஒரு ஜாயின் (இணைத்து வாசிக்கும் வினவல்) போட்டுவிடுவார்கள். சுவரைத் தரவுத்தளத்தில் போடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஸ்கீமா (தரவுத்தளத்துக்குள் தனி அறை), ஒரு தரவுத்தளப் பயனர். சம்பளப் பயனருக்கு எடை ஸ்கீமாவில் எந்த உரிமையும் கிடையாது. அதற்குத் தேவையானதை எடைப் பகுதி ஒரு வியூவாக (வாசிக்க மட்டும் காட்டும் அட்டவணை) தரும், அந்த வியூவைத்தான் ஒப்பந்தமாக எண்ண வேண்டும். நிரலுக்குள்ளேயும் சுவர் வேண்டும். ஜாவா என்றால் ஆர்க்யூனிட் சோதனை ஒன்று எழுதி, ஒரு பகுதி இன்னொன்றின் உள் வகுப்பை இறக்குமதி செய்தால் பில்டே தோற்கும்படி செய்யுங்கள். ஸ்பிரிங் மாடுலித்தும் இதற்கென்றே வந்தது.

உரிமையைப் பறிப்பதை முதலில் சோதனைச் சூழலில் செய்யுங்கள். "அனுமதி இல்லை" என்று பதிவில் விழும் ஒவ்வொரு வரியும் இதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு பிணைப்பு. அந்தப் பட்டியல்தான் உங்கள் உண்மையான வரைபடம். இதை எடுக்காமல் எந்த விலைப்பட்டியலிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கழற்றும் வரிசைக்கு, தோட்டத்தில் பழைய செம்பனை மரத்தின் மட்டை இடுக்கில் விதை விழுந்து வளரும் அத்தியைப் பார்த்திருப்பீர்கள். வேர் மெல்லக் கீழே இறங்கி, மரத்தைச் சுற்றி, ஒரு நாள் அதுவே மரமாக நிற்கும். 2004-இல் ஃபௌலர் இந்த முறைக்கு அந்த அத்தியின் பெயரைத்தான் (ஸ்ட்ராங்லர்) வைத்தார். ஈஎஸ்பிக்கு முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி (கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் இடைநிரல்) வையுங்கள், முதல் வாரம் அது எல்லாவற்றையும் பழையபடியே கடத்தட்டும். அழைக்கிறவர்களுக்கு முகவரியும் டபிள்யூஎஸ்டிஎல்லும் மாறக் கூடாது. முதலில் ஸ்டோரை மாற்றுங்கள், பிழை வந்தால் உரமூட்டைக் கணக்கு ஒரு நாள் தாமதமாகும், யார் பணமும் தவறாது. பிறகு எடைமேடை, பிறகு தரமும் சிறுதோட்டக்காரர் கணக்கும் சேர்த்து, கடைசியாகச் சம்பளம். சம்பளத்தை மட்டும் இரண்டு முழு மாதங்கள் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஆள்வாரியாகச் சென் வரைக்கும் ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை ஒத்துப்போனால் போதாது, ஒருவருக்குக் கூடியதும் இன்னொருவருக்குக் குறைந்ததும் கூட்டுத்தொகையில் மறைந்துவிடும்.

இடைக்காலத்தில் ஒரே நிரல் பழைய தரவுத்தளத்திலும் புதியதிலும் எழுதும்படி செய்யாதீர்கள். ஒன்றில் எழுதி மற்றதில் தோற்றால் இரண்டும் விலகும், எப்போது விலகியது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தரவுக்கும் எந்த நாளிலும் எழுதுகிறவர் ஒருவரே. மற்றவருக்கு அனுப்பு அட்டவணை வழியாக நகல் போகட்டும்.

மூங்கில்பாலம் (கிள்ளான்):

கம்பிமுனை சொன்ன சம்பள விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். பெரட்டுத் திருத்தத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பின்னாளில் பிரிக்கத் தகுந்த காரணம் எது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிறுதோட்டக்காரர் கைப்பேசிச் செயலி வந்து, அதற்கென்று இன்னொரு குழு அமர்ந்து, அவர்கள் வாரம் இரண்டு முறை வெளியிட விரும்பினால் அந்தப் பகுதியைப் பிரிக்கலாம். 1968-இல் மெல்வின் கான்வே எழுதியதுதான், அமைப்பு அதைக் கட்டும் குழுவின் பேச்சுவழியை ஒத்தே அமையும். நான்கு பேர் ஒரே மேசையில் இருக்கும்போது 14 துண்டுகளுக்கு ஆள் இல்லை. ஸ்கீமா சுவர் ஏற்கெனவே இருந்தால் அன்றைக்குப் பிரிப்பது சில வார வேலைதான்.

எடைச்சீட்டு (தெலுக் இந்தான்):

இன்னும் ஒன்று மட்டும். எங்களுக்கு மேடை இரண்டு. குலையோடு ஏறுவது வாசல் மேடையில், காலி எடை சில நேரம் பின் மேடையில். இரண்டுக்கும் நடுவே லைன் இல்லாதபோது பின் மேடைக்கு அந்தச் சீட்டு எப்படித் தெரியும்?

கம்பிமுனை (சுங்கை சிப்புட்):

லோரிக்காரர் கையில் இருக்கும் தாளே கொண்டுபோகட்டும். முதல் சீட்டில் க்யூஆர் அச்சடியுங்கள். அதில் யூயூஐடி, சீட்டு எண், லோரி எண், மொத்த எடை, நேரம், மேடை முன்னெழுத்து, கூடவே இரு மேடைகளுக்கும் பொதுவான ரகசியச் சாவியால் போட்ட எச்மேக் கையொப்பம் (தாளில் எண்ணை மாற்றினால் காட்டிக்கொடுப்பது). பின் மேடை ஸ்கேன் செய்து, கையொப்பம் சரி என்றால் காலி எடையை அதே யூயூஐடியில் வரிசை எண் 2 ஆகப் பதியும். மையத்துக்கு 2 முதலில் வந்து 1 பிறகு வரலாம். சர்வர் அதைத் தள்ளாமல் "முதல் எடைக்குக் காத்திருக்கிறது" என்ற நிலையில் வைக்க வேண்டும். இரவு 12 மணிக்கும் அந்த நிலையிலேயே இருப்பவற்றைக் கிராணிக்கு (அலுவலக எழுத்தர்) பட்டியலாக அனுப்புங்கள்.

வெப்பத்தாள் லோரிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயிலில் கிடந்தால் கறுத்துவிடும், க்யூஆர் படிக்காது. அதனால் சீட்டு எண்ணையும் மொத்த எடையையும் பெரிய எழுத்தில் சாதாரணத் தாளிலும் ஒரு பிரதி கொடுங்கள். பின் மேடைத் திரையில் அந்த இரண்டையும் கையால் தட்டும் வழி இருக்கட்டும். அப்படித் தட்டியதற்கு ஒரு குறி போட்டு, மையத்தில் முதல் எடையோடு எண் ஒத்தால் மட்டும் சீட்டை மூடுங்கள்.